இரண்டு டிரம்களில் வரும் பிளாஸ்டிக்

பாலித்தீன் பை செய்கிறவர் பாலித்தீனைச் செய்வதில்லை. எங்கோ ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் வினையெல்லாம் முடிந்து, குருணையாக மூட்டை கட்டி வந்ததை வாங்கி உருக்கி ஊதுகிறார், அவ்வளவுதான். பிளாஸ்டிக் குடம், பிவிசி குழாய், நைலான் கயிறு எல்லாவற்றுக்கும் இதே கதை. வேதியியல் ஓரிடம், பட்டறை வேறிடம். பாலியூரித்தேன் அப்படியல்ல. பெரும்பாலும் அது இரண்டு டிரம்களில் திரவமாக வருகிறது. ஒன்றில் பாலியால், இன்னொன்றில் ஐசோசயனேட். மெத்தைத் தொழிற்சாலையில், செருப்புக்குச் சோல் வார்க்கும் பட்டறையில், குளிர்பதனக் கிடங்குக்கு ‘பஃப் பேனல்’ செய்யும் ஷெட்டில், மொட்டை மாடியில் வெயில் தாங்க நுரை பீய்ச்சும் இடத்தில் என்று இரண்டும் கலக்கிற நொடியில்தான் பிளாஸ்டிக் பிறக்கிறது. வாசல் கதவுக்கு ‘பியு பாலிஷ்’ அடிக்கிற ஆசாரிகூட, தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பலபடியாக்க வினையை வீட்டு வாசலில் நடத்திக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பொருளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அதன் வெற்றிகளும் அதன்மேல் உள்ள புகார்களும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஆலைச் சுவருக்குள் நடக்க வேண்டிய வினை தெருவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் எந்த வடிவத்துக்கும், எந்த மென்மைக்கும், எந்தச் சந்துக்கும் அது பொருந்துகிறது. அதனால்தான் அதைக் கண்காணிப்பதும் கடினமாகிறது.

1930களின் நடுவில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலானை உருவாக்கியிருந்தார். அதைச் சுற்றிக் காப்புரிமை வேலி எழுந்துகொண்டிருந்தது. ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பென் குழுமத்துக்கும் அப்படியொரு செயற்கை இழை வேண்டும். ஆனால் வேலியைத் தாண்டக் கூடாது. லெவர்குசெனில் இருந்த அக்குழுமத்தின் ஆய்வகத்தை நடத்திய ஓட்டோ பேயர் வேறு வழி தேடினார். (பேயர் நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்துக்கும் இவருக்கும் உறவு ஏதுமில்லை. பெயர்ப் பொருத்தம்தான்.) நைலானில் ஒவ்வொரு கண்ணி சேரும்போதும் ஒரு நீர் மூலக்கூறு கழிந்து வெளியேறும். எதையும் கழிக்காமல், இரண்டை அப்படியே கோத்துக்கொண்டே போக முடியாதா என்று பேயர் கேட்டார். யோசனைக்கு முதலில் பெரிய வரவேற்பு இருக்கவில்லை. 1937 நவம்பர் 13 என்ற தேதியிட்ட ஜெர்மன் காப்புரிமைதான் பாலியூரித்தேனின் பிறப்புச் சான்றிதழ்.

அவர் கையில் எடுத்த ஐசோசயனேட் புதிய சரக்கல்ல. பிரெஞ்சு வேதியியலர் அடோல்ஃப் வூர்ட்ஸ் 1849இலேயே அதைத் தயாரித்துவிட்டார். ஏறத்தாழ 90 ஆண்டுகள் அது ஆய்வகத்துப் புட்டியில் ஒரு விநோதமாகவே இருந்தது.

அந்த மூலக்கூறின் குணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னால் வருவதெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது. ஐசோசயனேட் தொகுதியில் மூன்றே அணுக்கள்: நைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன். நடுவில் மாட்டிக்கொண்ட கார்பனிடமிருந்து இரண்டு பக்கத்து அணுக்களும் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. ஏழையாகிப்போன அந்தக் கார்பன், எலக்ட்ரான் இணையைக் கொடுக்கக்கூடிய எது வந்தாலும் பற்றிக்கொள்ளக் காத்திருக்கிறது. ஆல்கஹால் வந்தால், அதன் ஆக்சிஜன் கார்பனோடு ஒட்டும். அதன் ஹைட்ரஜன் நைட்ரஜனுக்குத் தாவும். கிடைப்பது யூரித்தேன் பிணைப்பு. மிச்சம், கழிவு ஒன்றுமில்லை. பேயர் தேடியது இதைத்தான்.

ஒரு மூலக்கூறுக்கு இரண்டு முனையிலும் ஐசோசயனேட் இருந்தால் அது இரண்டு கை உள்ள ஆள் மாதிரி. எதிரில் ஆல்கஹால் முனைகளோடு வரும் பாலியாலுக்கும் இரண்டு கை என்றால் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நீண்ட வரிசை உண்டாகும். பாலியாலுக்கு மூன்று கை என்றால் வரிசை வலையாகிவிடும். கைகளுக்கு இடையே உள்ள உடம்பு எவ்வளவு நீளம் என்பதும் முக்கியம். மெத்தை நுரைக்கு மூலக்கூறு எடை 3000 அளவிலான நீண்ட பாலியால் எடுத்துக்கொள்வார்கள். வலையின் கண்கள் பெரிதாகி, அழுத்தினால் அமுங்கி நிமிரும். குளிர்பெட்டிச் சுவருக்குச் சில நூறு எடையுள்ள குட்டைப் பாலியால். கண்கள் நெருங்கி, கல் மாதிரி இறுகும். பாலியூரித்தேன் என்பது ஒரு பொருளின் பெயரே அல்ல, ஒரு பிணைப்பின் பெயர். அந்தப் பிணைப்பால் ஆன பெருங்குடும்பத்தில் காரின் ஸ்டீயரிங் உறையும் உண்டு, நீச்சலுடையும் உண்டு, கட்டடத்து விரிசல் அடைக்கும் பசையும் உண்டு.

பேயர் விரும்பிய இழை கிடைத்தது. பெர்லான் யு என்று அதற்குப் பெயரிட்டார்கள். நைலானுக்கு முன் அது நிற்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து, 1958இல், இதே வேதியியலில் இறுகிய துண்டுகளையும் இளகிய துண்டுகளையும் மாற்றி மாற்றிக் கோத்து, இழுத்தால் பல மடங்கு நீண்டு விட்டவுடன் சுருங்கும் ஸ்பான்டெக்ஸ் இழையை உருவாக்கியவர் ஜோசப் ஷிவர்ஸ். அவர் வேலை பார்த்தது டூபாண்டில். லைக்ரா என்ற பெயரில் அது லெக்கின்ஸ் முதல் உள்ளாடை வரை நுழைந்துவிட்டது. எந்த நிறுவனத்தின் வேலிக்கு வெளியே போவதற்காக பேயர் புறப்பட்டாரோ, அவருடைய வேதியியலின் மிகச் சிறந்த இழை அந்த வேலிக்குள்ளேயே விளைந்தது.

லெவர்குசெனுக்குத் திரும்புவோம். 1941 வாக்கில் அங்கே வார்த்துப் பார்த்த மாதிரிகள் சிலவற்றில் குமிழிகள் விழுந்திருந்தன. சோதனைப் பிரிவு, வேண்டுமானால் போலி எம்மென்டால் பாலாடைக்கட்டி செய்யலாம் என்று கிண்டலாகக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியதாக ஒரு கதை இத்தொழிலில் உலவுகிறது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் சுவிஸ் பாலாடைக்கட்டி அது. குமிழிக்குக் காரணம், கலவையில் எஞ்சியிருந்த ஈரமும் அமிலமும். ஐசோசயனேட் ஆல்கஹாலை மட்டுமா பற்றும்? தண்ணீர் வந்தால் அதையும் பற்றும். பற்றியதும் உண்டாகும் பொருள் நிலையில்லாமல் உடைந்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளியே தள்ளும்; கூடவே நிறைய வெப்பம். குறை என்று ஒதுக்கப்பட்ட அந்தக் குமிழியை வேண்டுமென்றே உண்டாக்கினால் என்ன என்று யோசித்ததில்தான் இன்றைய ஃபோம் மெத்தை பிறந்தது.

போர்க்காலத்தில் பூச்சாகவும் பசையாகவும் சிறிய அளவில் பயன்பட்ட பாலியூரித்தேன், 1950களில்தான் உலகுக்கு வந்தது. 1954இல் பேயர் நிறுவனமும் அமெரிக்காவின் மான்சாண்டோவும் சேர்ந்து மோபே என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. தொடக்கத்தில் பாலியெஸ்டர் வகைப் பாலியால், விலை அதிகம். 1957ஐ ஒட்டி, புரோப்பிலீன் ஆக்சைடிலிருந்து செய்யப்படும் பாலியீதர் வகை மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. இரப்பர்ப் பாலில் செய்த நுரை மெத்தைகள் ஒதுங்கிப்போயின. இன்று உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 கோடி டன் பாலியூரித்தேன் செய்கிறது. நம் பக்கம், சென்னை மணலியில் உள்ள ஆலை புரோப்பிலீன் ஆக்சைடும் பாலியாலும் தயாரிக்கிறது. மெத்தை நுரைக்கான டிடிஐ என்ற ஐசோசயனேட்டை குஜராத்தின் பரூச் வட்டாரத்தில் ஓர் உர நிறுவனம் தயாரிக்கிறது. இரண்டு டிரம்களின் ஊர்கள் இவை.

நுரை எழுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கலந்த சில விநாடிகளில் தேன் நிறத் திரவம் வெளுத்துப் பாலேடு மாதிரி ஆகிறது. பிறகு எழத் தொடங்குகிறது. அடுப்பில் பால் பொங்குவதற்கும் இதற்கும் ஒரே ஒரு வேறுபாடு: பால் பொங்கி வழிந்து அடங்கிவிடும், இது பொங்கிய உயரத்திலேயே உறைந்து நிற்கும். ஒன்றரை இரண்டு நிமிடத்தில் முப்பது மடங்கு பருமன்.

உள்ளே இரண்டு வினைகள் போட்டி போட்டு ஓடுகின்றன. ஐசோசயனேட்டும் தண்ணீரும் சேர்ந்து வாயு உண்டாக்குகின்றன. ஐசோசயனேட்டும் பாலியாலும் சேர்ந்து வலை பின்னுகின்றன. வாயு முந்தினால் குமிழி உடைந்து நுரை அமுங்கிவிடும். வலை முந்தினால் மேலே எழ வழியில்லாமல் பிளந்துகொள்ளும். முதல் வினையை அமீன் வகை வினையூக்கி தட்டிவிடும். இரண்டாவதை வெள்ளீயச் சேர்மம் தட்டிவிடும். குமிழிச் சுவர் கிழியாமல் காப்பது சிலிக்கோன் திரவம். இட்லி மாவு புளித்துப் பொங்குவதும் வாயுவைப் பிடித்து வைக்கும் வித்தைதான். ஆனால் அதை நிலைநிறுத்த நாம் ஆவியில் வேகவைக்க வேண்டும். இந்த மாவோ தன் சூட்டிலேயே வெந்துவிடுகிறது. பெரிய நுரைக் கட்டியின் நடுப்பகுதி 150 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். கலவைக் கணக்கில் தண்ணீர் கொஞ்சம் கூடிப்போனால் உள்ளே கருகும்; கிடங்கில் தானாகத் தீப்பிடித்த சம்பவங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வார்த்த கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு இரவு முழுதும் ஆறவிடுவது அதனால்தான்.

இந்த இடத்தில் போபாலைப் பற்றிப் பேசாமல் கடந்து போக முடியாது. 1984 டிசம்பர் 2 இரவு அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். பாலியூரித்தேன் செய்ய அது பயன்படுவதில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு கைதான். சங்கிலி பின்ன முடியாது. பூச்சிக்கொல்லியான கார்பரில் செய்ய அதைச் சேமித்து வைத்திருந்தார்கள். ஆனால் வேதியியல் அதே குடும்பம். மெத்தில் ஐசோசயனேட்டும் நாஃப்தாலும் சேர்ந்து கார்பரில் ஆவது, மெத்தை நுரையில் யூரித்தேன் பிணைப்பு உண்டாகும் அதே வினை. 610ஆம் எண் தொட்டியில் ஏறத்தாழ 40 டன் திரவத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது தொடங்கியதும், மெத்தை நுரையைப் பொங்கவைக்கும் அந்த இன்னொரு வினைதான். கார்பன் டை ஆக்சைடு, வெப்பம், அழுத்தம். கிண்ணத்தில் நடந்தால் நுரை. குளிரூட்டும் ஏற்பாடு நிறுத்தப்பட்ட தொட்டியில் நடந்தபோது ஆயிரக்கணக்கானோரின் சாவு.

பாலியூரித்தேன் தொழிலில் புழங்கும் டிடிஐயும் எம்டிஐ என்ற இன்னொரு ஐசோசயனேட்டும் மெத்தில் ஐசோசயனேட் போல எளிதில் ஆவியாவதில்லை. குறிப்பாக எம்டிஐ அறை வெப்பத்தில் மிகக் குறைவாகவே ஆவியாகும். இந்த ஒப்பீட்டை மிகைப்படுத்திப் பயமுறுத்துவது நேர்மையாகாது. ஆனால் இவற்றைத் தயாரிக்க இன்றும் பெரும்பாலும் பயன்படுவது பாஸ்ஜீன். முதல் உலகப் போரில் அகழிகளில் இருந்த வீரர்களைக் கொன்ற வாயு. அதைச் சேமித்து வைக்காமல், உண்டாக்கிய இடத்திலேயே உடனுக்குடன் செலவழித்துவிடுவது பொறுப்புள்ள ஆலைகளின் வழக்கம். ஆலைக்குள் நடக்கும் ஆபத்தை ஆலை விதிகளால் அடக்கலாம். டிரம் ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு நடப்பதுதான் என் கவலை.

அதற்கு மிகத் துல்லியமான சான்று ஒன்று 2018இல் கிடைத்தது. கதை குளிர்பெட்டியில் தொடங்குகிறது. குளிர்பெட்டியின் வெளித்தகட்டுக்கும் உள்பெட்டிக்கும் நடுவே மூன்று நான்கு விரல் தடிமனில் மஞ்சளாக இருக்கிறதே, அது இறுகிய பாலியூரித்தேன் நுரை. அதன் குமிழிகள் ஒவ்வொன்றும் மூடிய சிற்றறை. உள்ளே அடைபட்ட வாயு எது என்பதைப் பொறுத்தே அது வெப்பத்தைத் தடுக்கும். சிஎஃப்சி-11 என்ற திரவம் இதற்காகவே கடவுள் செய்து கொடுத்தது போல இருந்தது. கொதிநிலை 24 டிகிரி. கலவையின் சூட்டிலேயே ஆவியாகி நுரையைப் பொங்கவைக்கும். தீப்பிடிக்காது. வெப்பத்தைக் கடத்துவதில் காற்றில் மூன்றில் ஒரு பங்குதான். மலிவு. ஒரே குறை: வானத்தில் ஓசோனைத் தின்றது. மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எச்சரித்தார்கள்; 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது; 2010க்குள் உலகம் முழுவதும் சிஎஃப்சி உற்பத்தி நின்றிருக்க வேண்டும்.

காற்றில் அதன் அளவு எதிர்பார்த்தபடி குறைந்துகொண்டும் வந்தது. ஆனால் 2012க்குப் பிறகு குறையும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிட்டதை ஸ்டீஃபன் மான்ட்ஸ்காவும் அவருடைய குழுவினரும் 2018 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். யாரோ எங்கோ ஆண்டுக்குச் சுமார் 13,000 டன் புதிதாக வெளியேற்றுகிறார்கள்; கிழக்கு ஆசியாவிலிருந்து வருவதாகத் தெரிகிறது. காற்றிடம் துப்பு விசாரிக்கும் வேலை அதன்பின் தொடங்கியது. தென் கொரியாவின் ஜேஜு தீவில் கோசான், ஜப்பானின் ஹடெருமா தீவு ஆகிய இரண்டு அளவீட்டு நிலையங்களின் பதிவுகளைக் காற்று வீசிய திசையோடு பொருத்திப் பார்த்து, புதிய வெளியேற்றத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டன் கிழக்குச் சீனாவிலிருந்து, முக்கியமாக ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களிலிருந்து வருவதாக 2019இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். களத்துக்குப் போன சுற்றுச்சூழல் புலனாய்வாளர்களிடம் சிறிய நுரைப் பட்டறைக்காரர்கள் ஒளிக்காமலே சொன்னார்கள்: சிஎஃப்சி-11தான் மலிவு, அதில்தான் நுரை நன்றாக வருகிறது.

அவர்கள் வில்லன்கள் அல்ல என்று நினைக்கிறேன். இரண்டு டிரம் வாங்கிக் கட்டடத்துக்கு வெப்பத்தடுப்புப் பலகை வார்க்கிறவருக்கு, நுரையைப் பொங்கவைக்க வாங்கும் மூன்றாவது டிரம்மில் என்ன என்பது விலைக் கணக்கு. மாற்று என்று வந்த பென்டேன் தீப்பிடிக்கக் கூடியது; அதைக் கையாள வாயு உணரிகளும் பொறி பறக்காத மின்கருவிகளும் வேண்டும். பெரிய குளிர்பெட்டி ஆலை அந்தச் செலவைச் செய்யும். தகரக் கொட்டகை எப்படிச் செய்யும்? 2021இல் வந்த ஆய்வுகள் வெளியேற்றம் மீண்டும் குறைந்துவிட்டதைக் காட்டின. சீன அரசின் சோதனைகள் பலித்தன. இந்தியா, இடைக்கால மாற்றாக நுரைத் தொழிலில் பயன்படுத்தி வந்த எச்சிஎஃப்சி-141பியை 2020 ஜனவரி 1 முதல் முற்றாக நிறுத்தியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பழைய குளிர்பெட்டிகளின் நுரைக்குள் அடைபட்ட சிஎஃப்சி இன்னும் இருக்கிறது. காயலான் கடையில் பெட்டியை உடைக்கும்போதெல்லாம் அது வெளியேறுகிறது.

தீயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், தகவல்களே போதும். 1979 மே 8 அன்று மான்செஸ்டர் நகரத்து உல்வொர்த்ஸ் கடையில் விற்பனைக்கு அடுக்கியிருந்த சோஃபாக்களின் நுரை பற்றிக்கொண்டு 10 பேர் இறந்தார்கள். 2003 பிப்ரவரி 20, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதி. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த நுரையில் மேடை வாணவேடிக்கைப் பொறி பட்டு 100 பேர். பத்தாண்டு கழித்து 2013 ஜனவரி 27, பிரேசிலின் சாண்டா மரியா. அதே மாதிரி விடுதி, அதே மாதிரி நுரை, அதே மாதிரி பொறி, 242 பேர். பாலியூரித்தேனில் நைட்ரஜன் இருப்பதால் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். தீ நெருங்குவதற்கு முன்பே புகை கொன்றுவிடும். பிரிட்டன் 1988இல் அறைகலன்களுக்குத் தீத்தடுப்பு விதிகள் கொண்டுவந்தது. கலிஃபோர்னியா 1975லேயே கொண்டுவந்தது. அதற்காக நுரையில் கலந்த தீத்தடுப்பு வேதிப்பொருள்கள் வீட்டுத் தூசியிலும் மனித உடலிலும் சேர்வது பிறகு தெரியவந்து, 2013இல் கலிஃபோர்னியா தன் விதியையே மாற்றி எழுத வேண்டியிருந்தது.

இவ்வளவும் பொருள் பிறக்கும்போதும் எரியும்போதும். அது மூப்படைவதை நானே பார்த்தேன். உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக, ஐந்தாறு வருடம் அட்டைப் பெட்டியில் பத்திரப்படுத்திய கறுப்பு ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்துப் படியேறும்போதே பின்னால் கறுப்புத் துகள்கள் உதிர்ந்தன. பந்திக்கு உட்காரும் நேரத்தில் ஒரு சோல் முழுதாகக் கழன்றுவிட்டது. மறுநாள் செருப்பு தைக்கிறவரிடம் காட்டினால், கையில் வாங்கக்கூட இல்லை. “பியு சோல் சார். வச்சிருந்தா மாவாத்தான் போகும்” என்றார்.

அவர் சொன்னது சரியான வேதியியல். தேய்மானத்தைத் தாங்குவதற்காக ஷூவின் சோலுக்குப் பாலியெஸ்டர் வகைப் பாலியாலைப் பயன்படுத்துவது வழக்கம். அதிலுள்ள எஸ்டர் பிணைப்பைக் காற்றின் ஈரம் மெல்ல அறுக்கும். அறுபட்ட இடத்தில் அமிலம் உண்டாகும்; அந்த அமிலம் அடுத்த பிணைப்பை அறுக்க உதவும். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு திடீரென்று எல்லாம் பொடி. சென்னைப் புழுக்கத்தில் மூடிய பெட்டிக்குள் வைப்பது, அதை ஊறப்போட்ட மாதிரி. சோஃபாவின் ‘லெதர்’ மேல்தோல் நாலைந்து வருடத்தில் செதில் செதிலாக உரிவதற்கும் பல வீடுகளில் இதுவே காரணம். பிறக்கும்போது தண்ணீரோடு பொங்கிய பொருள், கடைசியில் தண்ணீராலேயே கரைகிறது.

அருங்காட்சியகங்களுக்கும் இதே தலைவலி. இத்தாலிய வடிவமைப்பாளர் கேட்டானோ பெஷே 1969இல் உள்ளே சட்டமே இல்லாத நுரை நாற்காலிகளை உருவாக்கினார். காற்றை உறிஞ்சித் தட்டையாகப் பொதிந்து விற்றார்கள். உறையைப் பிரித்ததும் நாற்காலி தானாக உப்பி எழுந்து நிற்கும். அந்தக் காலத்து நுரைப் படைப்புகள் பல இன்று தொட்டால் உதிரும் நிலையில் இருக்கின்றன. பாலியெஸ்டர் வகை ஈரத்தால் கெடும், பாலியீதர் வகை ஒளியாலும் ஆக்சிஜனாலும் கெடும். எனவே எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் பாதுகாவலர்களின் முதல் வேலை.

தானாக உதிர்கிறது என்பதால் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று பொருளில்லை. வலையாகப் பின்னிய நுரையை, பாலித்தீனைப் போல உருக்கி மறுபடி வார்க்க முடியாது. இலவம்பஞ்சு மெத்தை தட்டையாகிவிட்டால் பிரித்துக் காயவைத்து, பஞ்சு அடிக்கிறவரைக் கூப்பிட்டு அடித்து, புது உறை தைத்துக்கொள்வோம். ஃபோம் மெத்தை நடுவில் குழிவிழுந்தால் குப்பைக் கிடங்குதான். நல்ல நிலையில் உள்ள கழிவைத் துண்டு துண்டாக்கிப் பசையிட்டு அழுத்தி, ‘ரீபாண்டட்’ மெத்தையாக்குகிறார்கள். நம்மூரில் கெட்டி மெத்தை என்று விற்பதில் பல இதுதான். மறுசுழற்சி என்று சொல்லிக்கொள்வதில் இன்றைக்கு உண்மையிலேயே நடப்பது பெரும்பாலும் இவ்வளவே. கிளைக்கால் சேர்த்துச் சூடாக்கிப் பிணைப்பை அறுத்து, பாலியாலைத் திரும்ப எடுக்கும் முறை பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். பிரான்சில் பழைய மெத்தைகளிலிருந்து பாலியாலைத் திரும்ப எடுக்கும் வேலையை 2021இல் ஓர் ஆலை தொடங்கியது. அழுக்கான, பலவகை கலந்த பழைய மெத்தைகளை வீடு வீடாகத் திரட்டுவதுதான் அங்கும் கடினமான பகுதி.

பூஞ்சை பாலியூரித்தேனைத் தின்கிறது என்ற செய்தி அடிக்கடி வலம் வரும். ஈக்வடார் மழைக்காட்டிலிருந்து யேல் பல்கலைக்கழக மாணவர்கள் சேகரித்த பெஸ்டலோஷியாப்சிஸ் மைக்ரோஸ்போரா என்ற பூஞ்சை பற்றிய 2011ஆம் ஆண்டு ஆய்வு அதன் மூலம். ஆய்வு உண்மையானது. ஆனால் அதற்கு உணவாகக் கொடுத்தது நீரில் கரைசல் போலப் பரப்பிய பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன். ஷூவில் ஈரமே அறுத்துவிடுகிற அதே எஸ்டர் பிணைப்பு. வீட்டு மெத்தையில் இருப்பது பெரும்பாலும் பாலியீதர் வகை. அந்தப் பூஞ்சையை நம்பி மெத்தையை வீச முடியாது.

மூலப்பொருளைப் பொறுத்தவரை நம் நாட்டுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. பாலியால் என்றாலே பெட்ரோலியம் என்றில்லை. ஆமணக்கெண்ணெயின் கொழுப்பமிலத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலெயிக் அமிலம். அதன் நடுவில் இயற்கையாகவே ஓர் ஆல்கஹால் தொகுதி இருக்கிறது. தாவர எண்ணெய்களில் இது அபூர்வம். கொட்டைமுத்தை ஆட்டி எடுத்த எண்ணெய், எந்த மாற்றமும் செய்யாமலே ஐசோசயனேட்டோடு கைகோக்கும். மின்கருவிகளை மூடி அடைக்கவும் தரைப் பூச்சுக்கும் அது பயன்பட்டு வருகிறது. உலகின் ஆமணக்கில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ‘பசுமை நுரை’ என்று விளம்பரம் செய்தாலும் மாறியிருப்பது முதல் டிரம்தான். இரண்டாவது டிரம்மில் அதே ஐசோசயனேட்.

அந்த இரண்டாவது டிரம்மின் முன் நிற்கிறவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஐசோசயனேட் நுரையீரலின் புரதங்களோடும் வினைபுரியும். ஈரமும் அமீனும் உள்ள இடம்தானே அது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒன்றும் நேராது. பிறகு ஒரு நாள் உடல் அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். அதற்குப் பின் மிகச் சிறு அளவு பட்டாலும் மூச்சிழுப்பு வரும். அந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும். தொழில்சார் ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக மருத்துவம் இதை நெடுங்காலமாக அறியும். அமெரிக்காவில் டிடிஐக்குச் சட்டம் விதித்த உச்ச வரம்பு, காற்றில் நூறு கோடிப் பங்குக்கு 20 பங்கு. அந்த அளவில் மூக்குக்கு வாசனையே தெரியாது. வாசனை தெரிகிறது என்றால் வரம்பு தாண்டிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், 0.1 விழுக்காட்டுக்கு மேல் டைஐசோசயனேட் உள்ள பொருளைத் தொழிலில் கையாளும் ஒவ்வொருவரும் முன்பே பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

நம் தெருக்களில் கார் டிங்கரிங் பட்டறையில் பெயின்ட் பீய்ச்சுகிறவரும் வீட்டுக் கதவுக்கு பியு பாலிஷ் அடிக்கிறவரும் ‘ஹார்டனர்’ என்று ஒரு சிறு டப்பாவைக் கலப்பார்கள். அந்த டப்பாதான் இரண்டாவது டிரம். உங்கள் வீட்டில் அந்த வேலை நடந்தால் சன்னல்களைத் திறந்து வையுங்கள், குழந்தைகளை வேறிடம் அனுப்புங்கள், பூச்சு நன்றாகக் காயும்வரை அந்த அறையில் படுக்காதீர்கள். அடிக்க வருகிறவருக்கு வடிகட்டி வைத்த முறையான சுவாசக் கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கூலியோடு அதன் விலையையும் சேர்த்துக் கொடுங்கள். மூக்கைச் சுற்றி அவர் கட்டியிருக்கும் துண்டு ஐசோசயனேட்டைத் தடுக்காது.